அசனத்துக்கு ஆகாத கிணறு

வன்னியபெருமாளின் வீட்டு முற்றத்தில் ஒரு கல்லும் கிடையாது. வேறு யார் வீட்டைப் பற்றியாவது இப்படிச் சொன்னால் அதில் சேதி ஒன்றும் இல்லை. வன்னியபெருமாளுக்கோ முற்றங்களில் கல் பதிப்பதுதான் தொழில். பைபாஸ் ரோட்டில் அவருக்குச் சொந்தப் பட்டறை உண்டு. சிமென்டும் ஜல்லிப் பொடியும் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் கலந்து, அச்சில் கொட்டி, மெஷினில் அதிரவைத்து எடுத்தால் பேவர் பிளாக். அறுகோணத்தில் ஒன்று, அலைமாதிரி வளைந்தது ஒன்று, சிவப்பு, சாம்பல், மஞ்சள். முத்துச்சிப்பி நகர் நாலாம் தெருவில் அவர் கல் பதிக்காத வீடு ஒன்றே ஒன்றுதான். அதில்தான் அவர் குடியிருந்தார்.

கேட்கிறவர்களிடம், "நம்ம வேலையச் செய்ய நமக்கு எங்க நேரம்?" என்று சிரிப்பார். உண்மைக் காரணம் அவர் மனைவி அனுசியா. மண்ணில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டால்தான் அது வாசல் என்பது அவள் கட்சி. "ஒங்க கல்லுல கோலம் போட்டா, கணக்கு நோட்டுல படம் வரைஞ்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டாள். ஊருக்கெல்லாம் கல்லின் பெருமை பேசுகிறவர் வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

சாத்தான்குளத்துப் பக்கத்துச் செம்மணல் தேரியிலிருந்து தூத்துக்குடியில் ஒரு சிமென்ட் கடைக்கு எடுபிடியாக வந்தவர். கையில் நாலு காசு சேர்ந்ததும் இந்த மனையை வாங்கினார். மனை போட்டு விற்றவர் முத்துச்சிப்பி நகர் என்று பெயர் வைத்தபோது, முத்தும் சிப்பியும் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மேற்கே பார்த்தால் உப்பளம். வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள், அதற்கு மேல் ஓலை. எங்கே போர் போட்டாலும் உப்புத் தண்ணீர். அதில் குளித்துவிட்டுத் தலை துவட்டினால் தலைமயிர் துடைப்பமாக நிற்கும். ஆனால் வன்னியபெருமாளின் மனையில் மட்டும் முன்பு முருங்கைத் தோட்டமாக இருந்த காலத்துக் கிணறு ஒன்று இருந்தது. அதில் நல்ல தண்ணீர் ஊறியது. அவர் வாங்கியது மனையை அல்ல, கிணற்றைத்தான். மனை அதைச் சுற்றி இருந்ததால் சேர்ந்து வந்தது.

அந்தக் கிணற்றால் அவருக்கு ஒரு மரியாதையும் வந்து சேர்ந்தது. தெருமுனையில் சின்னதாக ஒரு சி.எஸ்.ஐ. கோயில். ஆண்டுக்கொருமுறை பிப்ரவரியில் அங்கே அசனம் நடக்கும். சபையார் எல்லாரும் அரிசியும் பருப்பும் காணிக்கையாகக் கொண்டுவந்து, கோயில் வளாகத்திலேயே சமைத்து, சாதி மதம் பார்க்காமல் தெருவையே உட்காரவைத்துப் போடும் பெருஞ்சாப்பாடு. அந்தச் சமையலுக்குத் தண்ணீர் வன்னியபெருமாள் கிணற்றிலிருந்துதான். குழாய் இழுத்து மோட்டாரைப் போட்டுவிடுவார். சபைக் குருவான ஐயர் ஜெபித்து முடித்ததும் முதல் அகப்பை சோறும் சாம்பாரும் ஒரு தூக்குவாளியில் விழும். அது நேராக அவர் வீட்டுக்கு வரும். பந்தியில் சபை மூப்பர்கள் உட்காருவதற்கும் முன்னால். வருஷம் தவறாமல் சாஸ்தா கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போகிற மனிதர், இந்தத் தூக்குவாளிக்காக அன்று காலைப் பலகாரத்தைத் தொடமாட்டார்.

மார்கழி வெள்ளம் வந்து தூத்துக்குடியே நீரில் நின்றதே, அதற்கு அடுத்த வருஷம் முழுக்க அவருக்கு ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் வேலை. வெள்ளத்தில் பாதித் தெரு இடுப்பளவு தண்ணீரில் கிடந்தது. வடிந்த பிறகு ஜனங்களுக்கு மண்ணைக் கண்டாலே ஆகவில்லை. லாரி லாரியாகக் கிராவல் அடித்து முற்றத்தை உயர்த்து, கல்லைப் பதி, ஒரு சொட்டு நிற்கக்கூடாது என்றார்கள். வன்னியபெருமாளும் சரிவைக் காட்டும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துப் பார்த்து வாட்டம் கொடுத்தார். கல் பதிக்கிறவனுக்கு வாட்டம்தான் கௌரவம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று அவன் சொல்கிறானோ அந்தப் பக்கம் ஓட வேண்டும். எல்லா முற்றமும் தெருவைப் பார்த்துச் சரிந்தது. முதல் மழைக்குக் குடையோடு தெருவில் நின்று, ஒவ்வொரு வாசலாக அவர் பார்த்துக்கொண்டே போனதை அனுசியா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். பிள்ளைகள் ஓட்டப்பந்தயத்தில் ஓடுவதைப் பார்க்கிற தகப்பன் மாதிரி நின்றாராம்.

வெள்ளம் போன பின் வந்த இரண்டாவது அசனத்தில்தான் அந்தச் சம்பவம்.

அசனத்துக்குச் சமைக்கிறவர் மாசானம். நாசரேத்துப் பக்கம் முழுக்கக் கல்யாணச் சமையலில் பெயர் எடுத்தவர். எங்கே போனாலும் முதலில் தண்ணீரைத்தான் பார்ப்பார். அன்றும் வன்னியபெருமாளின் கிணற்றடியில் உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி வாயில் விட்டு, கொப்பளிக்கிற மாதிரி இரண்டு கன்னத்துக்கும் அனுப்பினார். பிறகு பக்கத்தில் நின்ற முருங்கை மூட்டில் துப்பினார். வருஷா வருஷம் விழுங்குகிறவர் துப்பியதை வன்னியபெருமாள் கவனித்தார்.

"அண்ணாச்சி, கிணத்துக்குள்ள உப்பு மூட்டை ஏதும் விழுந்திச்சா?"

"என்னவே கேலி பண்ணுதீரு?"

"கேலி இல்ல. இதுல பருப்பு வேகாது. வெந்தாலும் கரையாது. சாம்பாருக்குள்ள பருப்பு ஒரு சபையாவும் தண்ணி ஒரு சபையாவும் பிரிஞ்சு நிக்கும்."

அங்கே காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களுக்குத் தலைமை கிருபை. தெருவில் மூன்றாவது வீட்டுக்காரி, பெண்கள் சங்கத் தலைவி. அவள் மட்டும் சிரிக்கவில்லை. லாரித் தண்ணீருக்குப் போன் போட்டார்கள். லாரி வர நேரமானதால் முதல் அண்டாவைக் கிணற்றுத் தண்ணீரிலேயே ஏற்ற வேண்டியதாயிற்று. மாசானம் சொன்னது அப்படியே நடந்தது. பருப்பு பல்லில் கடிபட்டது. அந்தச் சாம்பாரைப் பற்றிய பேச்சு ஈஸ்டர் வரைக்கும் ஓடியது.

தூக்குவாளி அன்றும் வந்தது. கடைசிப் பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்தது. வன்னியபெருமாள் அதைத் திறக்கவே இல்லை.

அடுத்த மாதங்களில் அவர் ஒரு துப்பறியும் ஆளாக மாறினார். கிணறு ஏன் உப்பானது? முதலில் கடற்கரையோரத்து இறால் பண்ணைகளைச் சந்தேகித்தார். மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தால் அவை வெகு தூரம். நடுவில் எத்தனையோ கிணறு தாண்டித்தான் இங்கே வர வேண்டும். பிறகு முனைவீட்டில் புதிதாக இறக்கிய ஆழ்துளைக் கிணற்றின் மேல் சந்தேகம். அந்தத் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார். போட்ட புதிதில் இருந்ததைவிட அதுவும் இப்போது கரிக்கிறது என்றார் வீட்டுக்காரர். பிறகு ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனார்.

"மசக்கைக்காரி மாதிரி வீடு வீடா ருசி பாத்துக்கிட்டு அலையுதீயளே, வெக்கமா இல்லியா?" என்றாள் அனுசியா.

தெருவே முன்னைவிடக் கரித்தது. இவர் கிணற்றைக் குறிவைத்து யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்ததில் நிம்மதியும் ஏமாற்றமும் சரிபாதி.

கடைசியில் கிருபையின் கணவர் தேவபிரசாதத்திடம் போனார். அவர் புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டதும் உற்சாகமாகி, நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் சீட்டின் தூசியில் விரலால் படம் போட்டார். கடலோரத்தில் மண்ணுக்கு அடியில் உப்புத் தண்ணீர். அதற்கு மேலே மழைத் தண்ணீர், பாலின் மேல் ஆடை மாதிரி மிதக்கிறது. ஆடை தடிமனாக இருக்கிறவரைக்கும் கிணற்றில் நல்ல தண்ணீர். மெலிந்தால் அடியிலுள்ளது மேலே வரும்.

"அப்போ மழை பெஞ்சா சரியாயிருமா சார்?"

"உள்ள எறங்குனா ஆயிரும்."

"எறங்காம எங்க போயிரும்?"

தேவபிரசாதம் ஸ்கூட்டர் சீட்டைக் கையால் துடைத்தார். படம் அழிந்தது. "மழை பெய்யட்டும், பாப்போம்" என்றார். நாலாம் தெருவில் முதன்முதலில் முற்றத்துக்குக் கல் போட்டது அவர் வீட்டில்தான் என்பது வன்னியபெருமாளுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. தேவபிரசாதத்துக்கு நன்றாக நினைவிருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. மத்தியான மழை, நின்று பெய்தது. வழக்கம்போல வன்னியபெருமாள் குடையோடு தெருவில் இறங்கினார். கிருபை வீட்டுப் பூவரசிலிருந்து மஞ்சள் பூ ஒன்று கல்லில் விழுந்தது. அவர் கொடுத்த வாட்டத்தில் வழுக்கி, காம்பவுண்டுச் சுவரின் அடியில் அவரே வைத்த துளை வழியாகத் தெருவுக்கு வந்தது. வன்னியபெருமாள் அதன் பின்னால் நடந்தார். எதிர்வீட்டு விக்டோரியா டீச்சரின் முற்றத்திலிருந்து வந்த தண்ணீர் அதோடு சேர்ந்தது. அடுத்தடுத்த வீட்டுத் தண்ணீர் எல்லாம் சேர்ந்தது. பூ வேகம் பிடித்தது. தெருமுனை, கோயில், ரோட்டோரச் சாக்கடை, உப்பளத்தின் ஓரம் போகிற ஓடை. அங்கே அவர் நின்றுவிட்டார். பூ நிற்கவில்லை. ஓடை கழிமுகத்துக்குப் போகிறது, கழிமுகம் கடலுக்கு. அந்தப் பூ வழியில் எந்த இடத்திலும் ஒரு கணம்கூடத் தேங்கவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

திரும்பி வந்தபோது அவருடைய மண் முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் இல்லை. மண் குடித்துவிட்டது. ஆனால் ஒரு வீட்டு முற்றம் குடிக்கிற தண்ணீர் ஒரு தெருவின் ஆடைக்கு எப்படிப் போதும்? மண்ணுக்கு அடியில் காம்பவுண்டுச் சுவர் கிடையாது. அவர் தன் கிணற்றுக்கு வரவேண்டிய மழையை வீடு வீடாகக் கூலி வாங்கிக்கொண்டு கடலுக்கு அனுப்பியிருக்கிறார்.

மறுநாள் காலையில் கிருபை வீட்டு வாசலில் நின்றார். சுவரோரத்தில் இரண்டு வரிசைக் கல்லையும், பூவரசைச் சுற்றியுள்ள கல்லையும் எடுத்துவிட வேண்டும், வாட்டத்தைத் தெருவுக்குப் பதிலாக அந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எல்லாம் தன் செலவில் என்று சொன்னார்.

கிருபை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கல்லு போடச் சொன்னதும் நீங்க, எடுக்கச் சொல்லுததும் நீங்க. அடுத்து வீட்டையே திருப்பி வைக்கச் சொல்லுவீயளோ அண்ணாச்சி?"

பத்திரிகைக்குப் பின்னாலிருந்து தேவபிரசாதம், "பாடப்படி அவர் சொல்லுதது சரிதான்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. பாடத்துல எலை விழாது. பாடத்துல பாம்பு வராது." வெள்ளத்தில் ஒரு சாரைப்பாம்பு அடுக்களை வரைக்கும் வந்து மிக்சி பக்கத்தில் சுருண்டிருந்தது. அதிலிருந்து நின்ற தண்ணீர் என்றாலே அவளுக்கு ஆகாது. "பூவரசு எலைய நாளுக்கு ரெண்டு வாட்டி கூட்டிக்கூட்டி என் இடுப்பு போச்சு. கல்லு போட்ட பொறவுதான் ஒருவாட்டியா கொறைஞ்சிருக்கு. மறுபடி மண்ணாக்குனா யாரு கூட்டுவா?"

"நான் கூட்டுதேன்" என்று வன்னியபெருமாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

அடுக்களைக்குப் போகத் திரும்பிய கிருபை நின்றாள். கடிபட்ட பருப்பு அவளுக்கும் மறந்திருக்கவில்லை. "வாரா வாரம்?"

"வாரா வாரம்."

"சனிக்கிழமை. வெயிலுக்கு முந்தி. வாரியல் நீங்களே கொண்டு வரணும்."

இப்படியாக, கல் பதிக்கிற வன்னியபெருமாள் கல்லைப் பெயர்த்தார். சுவரோரத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டியபோது மண்ணோடு உடைந்த சிப்பி ஓடுகள் கிளம்பி வந்தன. என்றைக்கோ இங்கே கடலே இருந்திருக்கிறது என்று தேவபிரசாதம் பரவசப்பட்டு, ஒரு கை நிறைய எடுத்துக் கழுவி ஜன்னலில் வைத்தார். நகரின் பெயருக்கு முதன்முதலாக ஓர் ஆதாரம் கிடைத்தது. குழியில் பட்டறையின் உடைசல் கல்லையும் மணலையும் நிரப்பி, மாடியிலிருந்து மழைத் தண்ணீர் இறங்கும் குழாயை அதற்குள் திருப்பினார். மேலே நடுவதற்கு அனுசியா ஆவாரையும் நொச்சியும் கற்றாழையும் கொடுத்தாள். தண்ணீர் கேட்டு நச்சரிக்காதவை, உப்புக்காற்றுக்கும் முகம் சுளிக்காதவை. முன்பு அதே இடத்தில் கிருபை புல்தரை போட்டுப் பார்த்திருக்கிறாள். தினம் ஒரு டிரம் லாரித் தண்ணீரைக் குடித்துவிட்டு அந்தப் புல் சித்திரையில் செத்தது.

சனிக்கிழமைக் காலைகள் தெருவுக்குப் பொழுதுபோக்காயின. பட்டறை முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாத்தியார் வீட்டு முற்றத்தைக் கூட்டுவதைப் பார்க்க ஆள் நின்றது.

"என்ன அண்ணாச்சி, கல்லுத் தொழில் படுத்திட்டா?" என்று பால்காரர் கேட்டார்.

"இல்லடே, புதுசா ஒரு கிளை தொறந்திருக்கேன்."

எதிர்வீட்டு விக்டோரியா டீச்சர் கேட்டருகே வந்து, "எங்க வீட்டுக் கல்லையும் எடுத்தா எங்களுக்கும் சனிக்கிழமை வருவீயளா?" என்று கேட்டார். கிண்டலா உண்மையா என்று தெரியாமலே வன்னியபெருமாள் சரி என்றார். உண்மைதான் என்று அடுத்த வாரம் தெரிந்தது.

கூட்டக் கூட்ட அவருக்கு ஒன்று பிடிபட்டது. பூவரசு மூட்டில் இலையைக் குவித்து வைத்தால் அடியில் மண் ஈரமாகவே இருக்கிறது. வெயில் ஏறினாலும் காய்வதில்லை. இலையை அள்ளிக்கொண்டுபோய் எரிப்பது வீண். ஆனால் கிருபை அந்தக் குவியலைப் பார்த்த மாத்திரத்தில், "முத்தத்துல குப்பையப் போட்டு வச்சிருக்கீய, நாலு பேரு வந்தா என்ன நெனப்பாவ?" என்றாள். ஈரம், உரம், மண்புழு என்று தேவபிரசாதம் எடுத்துச் சொன்னதெல்லாம் செல்லவில்லை. வன்னியபெருமாள் யோசித்தார். பட்டறையிலிருந்து சிவப்புக் கல் கொஞ்சம் கொண்டுவந்து மரத்தைச் சுற்றி வட்டமாக நட்டார். அதே இலையை வட்டத்துக்குள் தள்ளினார். கிருபை வந்து பார்த்தாள்.

"இப்பம் அழகா இருக்கு" என்றாள்.

வட்டத்துக்கு வெளியே கிடந்தால் குப்பை, உள்ளே கிடந்தால் தோட்டம். இத்தனை வருஷம் கல் விற்றும் கல்லுக்கு இப்படி ஓர் உபயோகம் உண்டென்று அவருக்குத் தெரியாமல் போயிற்று. அதன் பிறகு தெருவில் பாதிக்கு மேல் வீடுகளில் சுவரோரக் கல் பெயர்ந்து, சிவப்பு வட்டம் முளைத்தது. முனைவீட்டுக்காரர் மட்டும், "கார் டயர்ல மண்ணு ஒட்டும்" என்று கடைசிவரை சம்மதிக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு பெருமழை. வன்னியபெருமாள் பட்டறையில் இருந்தார். கிருபையிடமிருந்து போன். பாம்புதான் என்று நினைத்து எடுத்தார்.

"போயிருச்சு அண்ணாச்சி!"

"எதும்மா?"

"தண்ணி. சுவரோரத்துல முட்டளவு நின்னுச்சு. நான் மிக்சிய எடுத்து மேல வச்சிட்டுத் திரும்பிப் பாத்தா அங்கன ஒண்ணுமே இல்ல. எங்க போச்சு?"

"எங்க போகும்? எங்க கிணத்துக்குத்தான்" என்றார் பெருமையாக.

கிருபை விடவில்லை. "அப்படின்னா, எங்க வீட்டுத் தண்ணியத்தான் எங்களுக்கே தந்து முதல் வாளி வாங்கிக்கிட்டு இருந்தீயளா இத்தன வருஷமா?"

கேட்டுவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள். அன்று முழுக்க அவர் பட்டறையில் யாரையும் ஏசவில்லை என்று வேலையாட்கள் ஆச்சரியப்பட்டார்கள்.

பட்டறை நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மற்ற நகர்களில் ஜனங்கள் ஒரு சொட்டு நிற்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவரும் ரசமட்டம் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார். முன்பு கேட்காத ஒரு கேள்வியை மட்டும் இப்போது கேட்கிறார். "ஒங்க தெருவுல நல்ல தண்ணிக் கிணறு இருக்கா?" இருக்கிறது என்றால் சுவரோரத்தை விட்டுவிடச் சொல்லி மன்றாடுவார். இல்லை என்றால் கல்லின் நிறம் என்ன வேண்டும் என்று கேட்பார்.

பிப்ரவரி வந்தது. அசனத்துக்கு முந்தின நாள் மாசானம் கிணற்றடிக்கு வந்தார். லாரிக்கும் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள்; கிருபை விவரமானவள். வன்னியபெருமாள் வாளியை இழுத்துக் கொடுத்தார். அனுசியா அடுக்களை ஜன்னலில் நின்றாள். மாசானம் உள்ளங்கையில் ஏந்தினார், வாயில் விட்டார். ஒரு கன்னம், மறு கன்னம். வன்னியபெருமாளின் கண் முருங்கை மூட்டிலேயே இருந்தது.

மாசானம் விழுங்கினார்.

"எப்படிவே?"

"சோறு பொங்கலாம். ரசம் வைக்கலாம்." இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார். "பருப்ப இதுகிட்ட குடுக்க மாட்டேன். இன்னும் ஒரு மழைக்காலம் போகட்டும், பாப்போம். சாம்பாருக்கு லாரியே வரட்டும்."

மறுநாள் வன்னியபெருமாள் காலைப் பலகாரம் சாப்பிடவில்லை. சாப்பிடாமல் இருப்பதற்குத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாததால், வயிறு சரியில்லை என்று அனுசியாவிடம் சொல்லி வைத்தார். கோயில் மணி அடித்தது. ஜெபம் முடிந்து ஆமென் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கேட் திறந்தது. கிருபையே தூக்குவாளியோடு வந்தாள். பந்தி இன்னும் உட்காரவில்லை.

வன்னியபெருமாள் மூடியைத் திறந்தார். ஆவி பறக்கிற சோறு. கிண்ணத்தில் ரசம். வேறொன்றும் இல்லை.

"சாம்பாரு?"

"சாம்பாரு லாரிக்காரத் தம்பிக்குப் போயிருக்கு" என்றாள் கிருபை. "மொறன்னா மொறைதான அண்ணாச்சி."

அவள் போன பிறகு அவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். உப்பு ஒரு கல் கூடுதலாக இருந்தது. மாசானத்தின் கை தவறியதாலா, கிணறு இன்னும் தன் பங்கைப் போட்டதாலா? பாதிச் சாப்பாட்டில் எழுந்து, எச்சில் கையோடு டம்ளரைத் தேடிக்கொண்டு கிணற்றடிக்குப் போன கணவனைப் பார்த்து அனுசியா தலையில் அடித்துக்கொண்டாள்.